கல் வீடு கட்டிய ஆட்சியர்

திண்டுக்கல் மலைமீது கல் கோட்டைக்காக அடுக்கப்பட்டது. உதகை மலைமீது, கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஒருவரின் இல்லத்திற்காக அடுக்கப்பட்டது. அவர் ஜான் சல்லிவன்.

1788இல் இலண்டனில் பிறந்து, இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பெனியின் பணியேற்ற சல்லிவன், 1819இல் நீலகிரி ஏறினார். 1822இல் உதகையில் கல் வீடு எழுப்பத் தொடங்கினார். அங்கே தோடர்கள் மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்து, தவழ்ந்து நுழையும் சிறு வாயிலோடு குடில் அமைத்து வாழ்ந்தனர். அம்மண்ணில் ஆங்கில நாட்டு முறையில் கற்சுவர் எழுந்தது. மலைமக்கள் அதனைக் கல் பங்களா என்றழைத்தனர்.

நிலத்தைத் தோடரிடமே விலைக்குப் பெற்றார் சல்லிவன். மலைநிலம் தோடர்க்கே உரியது என்று கும்பெனியிடம் வாதாடியவரும் அவரே. ஆயினும் அவ்வீட்டைத் தொடர்ந்து வளர்ந்த நகரம் தோடரின் மேய்ச்சல் வெளிகளைச் சுருக்கியது. அவருடைய நல்லெண்ணத்தால் அதைத் தடுக்க இயலவில்லை.

1838இல் மனைவி ஹென்றியட்டாவையும் மகளையும் அம்மலைக்கே பறிகொடுத்தார். உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அவர்கள் துயில்கின்றனர். 1855இல் இங்கிலாந்தில் அவர் மறைந்தார். கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. தோடரின் வளைகுடில்களோ அருகிவிட்டன.