கிரேக்கம் பயின்ற அரவிந்தர்

1908-ஆம் ஆண்டு அக்டோபரில் அலிப்பூர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் வெடிகுண்டு வழக்கின் விசாரணை தொடங்கியது. நீதிபதியின் ஆசனத்தில் பீச்கிராஃப்ட் என்னும் ஆங்கிலேயர். கம்பி வலையிட்ட கூண்டினுள் அடைக்கப்பட்டிருந்தோருள் ஒருவர் அரவிந்த கோஷ். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விருவரும் இங்கிலாந்தில் ஒரே ஐ.சி.எஸ். போட்டித் தேர்வை எழுதியவர்கள். அத்தேர்வில் கிரேக்க மொழியில் முதலிடம் பெற்றவர் அரவிந்தர். இரண்டாமிடம் பெற்றவர் பீச்கிராஃப்ட். இரண்டாவதாக வந்தவர் நீதி வழங்க அமர்ந்திருந்தார். முதலாவதாக வந்தவர் தூக்குத் தண்டனைக்கும் இடமளிக்கும் குற்றச்சாட்டின்கீழ் நின்றிருந்தார்.

இந்த இடமாற்றம் நிகழ்ந்த விதத்தை அறிய, ஒரு தந்தையின் கனவிலிருந்து தொடங்க வேண்டும்.

டாக்டர் கிருஷ்ணதன கோஷ் ஸ்காட்லாந்தில் மருத்துவம் பயின்று திரும்பியவர். ஏழைகளிடம் பேரிரக்கம் கொண்டவர். ஆயினும் தம் மக்கள் எண்ணத்திலும் நடையிலும் முழு ஆங்கிலேயராக வளர வேண்டும் என்பதே அவரது விருப்பம். 1872 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த மூன்றாம் மகனுக்கு அரவிந்தன் என்ற பெயருடன் அக்ராய்டு என்னும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்தார். வீட்டில் ஆங்கிலமும் ஹிந்துஸ்தானியும் ஒலித்தன, வங்காளி ஒலிக்கவில்லை. ஐந்தாம் வயதில் டார்ஜிலிங்கில் கான்வென்ட் கல்வி. ஏழாம் வயதில், 1879-இல், இரண்டு அண்ணன்மாருடன் மான்செஸ்டரில் ட்ரூவெட் என்னும் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டார். பிள்ளைகள் எந்த இந்தியருடனும் பழகலாகாது, இந்தியச் செல்வாக்கு எதுவும் அவர்கள்மேல் படலாகாது என்பது தந்தையின் கண்டிப்பான ஏற்பாடு.

ட்ரூவெட் லத்தீனில் வல்லவர். அண்ணன்மார் பள்ளிக்குச் செல்ல, சிறுவன் அரவிந்தன் வீட்டிலேயே அவரிடம் லத்தீன் கற்றான். 1884-இல் லண்டன் செயின்ட் பால் பள்ளியில் சேர்ந்தபோது, தலைமையாசிரியர் வாக்கர் அவனது லத்தீன் புலமையைக் கண்டு, தாமே கிரேக்கம் கற்பித்து மேல்வகுப்புகளுக்கு விரைந்து உயர்த்தினார்.

கல்வி வளர்ந்தது, உணவு சுருங்கியது. தந்தையிடமிருந்து வரவேண்டிய பணம் தடைப்படலாயிற்று. ஓராண்டுக் காலம் காலையில் ஓரிரு துண்டு ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும், மாலையில் ஒரு பென்னி விலையுள்ள இறைச்சித் துண்டும் மட்டுமே சகோதரர்களின் ஆகாரம். மூத்தவர் வினயபூஷண் வாரம் ஐந்து ஷில்லிங் ஊதியத்திற்கு வேலை பார்த்த சங்கக் கட்டிடத்திலேயே அவர்கள் தங்கினார்கள். லண்டன் குளிருக்கு ஏற்ற மேலங்கிகூட இல்லை. ஹோமரையும் வர்ஜிலையும் அரவிந்தர் மனத்தில் பதித்துக்கொண்டது இந்த வறுமைக்கு நடுவில்தான்.

1889 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் உதவித்தொகைத் தேர்வில் வென்றார். ஆண்டுக்கு எண்பது பவுன் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஐ.சி.எஸ். தேர்விலும் பதினோராம் இடம் பெற்றுத் தேறினார். அக்காலத்தில் கிரேக்கமும் லத்தீனும் கற்பது வெறும் இலக்கிய இன்பத்திற்காக அன்று. அவை ஆட்சிக்குரிய வாயில்கள். ஐ.சி.எஸ். தேர்வில் சமஸ்கிருதத்தைவிட லத்தீனுக்கும் கிரேக்கத்திற்கும் மதிப்பெண்கள் அதிகம். பாரதத்தில் ஒரு மாவட்டத்தை ஆள விரும்புபவனுக்குக் காளிதாசனைவிட வர்ஜில் பயன்படுவான்! தந்தை கணக்கிட்டது சரியாகவே இருந்தது. மகனைத்தான் அவரால் கணக்கிட முடியவில்லை.

கேம்பிரிட்ஜில் கிரேக்க, லத்தீன் செய்யுள் இயற்றுவதற்கான கல்லூரிப் பரிசுகளை அரவிந்தர் வென்றார். 1892-இல் செவ்வியல் மொழிகளுக்கான ட்ரைபாஸ் தேர்வின் முதற்பகுதியில் முதல் வகுப்பில் தேறினார். இரண்டாம் ஆண்டிலேயே அதை எழுதியதால் பட்டம் கிடைக்கவில்லை. விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கலாம். அதை அவர் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தில் பெரும் தத்துவ நூல்களை எழுதிய இவர், பிளேட்டோவின் இரண்டொரு நூல்களைத் தவிர மேலைத் தத்துவத்தை அன்று ஆழ்ந்து பயிலவில்லை என்பது வியப்பிற்குரியது. ஆனால் அந்நாட்களில் மாக்ஸ் முல்லரின் வரிசையில் வெளிவந்த உபநிஷத மொழிபெயர்ப்பைப் படிக்க நேர்ந்தது. ஆத்மா என்னும் கருத்து அவரைத் தொட்டது. தாய்மொழியான வங்காளியையும் அங்கேயே, ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் எழுத்துக்கூட்டிக் கற்கலானார்.

இதற்கிடையே தந்தையின் மனமும் மாறியிருந்தது. இந்தியர்மீது ஆங்கிலேயர் இழைக்கும் கொடுமைகளைப் பற்றிய செய்திகளைக் குறியிட்டுப் பத்திரிகைகளை மகனுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். மகனோ ஐ.சி.எஸ். பதவியை வெளிப்படையாக மறுத்துத் தந்தையை வருத்த விரும்பவில்லை. எஞ்சியிருந்தது குதிரையேற்றத் தேர்வு ஒன்றுதான். அதற்கு அழைக்கப்பட்ட போதெல்லாம் உரிய நேரத்தில் செல்லாது தவிர்த்தார். ஆசிரியர் புரோத்தரோ பரிந்து எழுதியும் பயனில்லை. 1892 நவம்பரில் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். குதிரையேறத் தெரியாமல் தோற்றார் என்று இன்றும் சிலர் எழுதுவது முழு உண்மையன்று.

அச்சமயம் லண்டனில் இருந்த பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட், மாதம் இருநூறு ரூபாய் சம்பளத்தில் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டார். ஆனால் தந்தை மகனைக் காணவில்லை. மகன் ஏறி வந்த கப்பல் போர்ச்சுகல் கரையருகே மூழ்கியது என்ற தவறான செய்தி அவருக்கு எட்டியது. அந்த அதிர்ச்சியில், மகனின் பெயரை உச்சரித்தவாறே, 1892 டிசம்பரில் அவர் உயிர் துறந்தார். அரவிந்தர் புறப்பட்டதோ அடுத்த மாதம், வேறொரு கப்பலில். அதன் பெயர் கார்த்தேஜ். வர்ஜிலின் காவியத்தில் வரும் நகரத்தின் பெயர்.

1893 பிப்ரவரி 6 அன்று பம்பாய் அப்போலோ பந்தரில் அவர் கால் வைத்த கணத்தில் பேரமைதி ஒன்று அவரைச் சூழ்ந்தது. பல மாதங்கள் அது நீங்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் திரும்பிய அவருக்குத் தாய்நாட்டு மக்களுடன் தாய்மொழியில் சரளமாகப் பேச இயலவில்லை. மேலைக் கல்வி தந்த பெரும் இழப்பு இது. ஆயினும் அக்கல்வியே இழப்பை ஈடுசெய்யும் கருவியையும் தந்திருந்தது. ஒரு பழமொழியின் நூலை நேராகக் கையிலெடுத்து, சொல் சொல்லாக, பிழையின்றிப் பொருள் காணும் பயிற்சியே அக்கருவி. மகாபாரதத்தின் நளோபாக்கியானத்தை மீண்டும் மீண்டும் நுணுகிப் படித்து, ஆசிரியர் இன்றியே சமஸ்கிருதம் கற்றார். காளிதாசனையும் பர்த்ருஹரியையும் மொழிபெயர்த்தார். வங்காளியில் பேசிப் பழகுவதற்காக தினேந்திர குமார் ராய் என்னும் எழுத்தாளரைத் தம்முடன் தங்கச் செய்தார். மராத்தி, குஜராத்தியும் வசப்பட்டன. பரோடா கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்து, துணை முதல்வர் பொறுப்புவரை உயர்ந்தார்.

அண்ணன் மன்மோகனை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் அதே செவ்வியல் மொழிகளைக் கற்றவர். ஆங்கிலக் கவிஞராக அறியப்பட்டவர். 1894-இல் தாயகம் திரும்பி, பின்னர் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கினார். மாணவர்கள் அவரைப் போற்றினர். ஆனால் அவரது உள்ளம் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது; பிறந்த நாட்டில் அந்நியராகவே வாழ்ந்து 1924-இல் மறைந்தார். ஒரே வீடு, ஒரே பாதிரியார், ஒரே லத்தீன். தம்பி திரும்பி வந்தார். அண்ணனால் முழுவதும் திரும்ப இயலவில்லை.

1906-இல் பரோடாவை விட்டு வங்கம் சென்றதும், தேசியக் கல்லூரியின் முதல்வரானதும், வந்தே மாதரம் இதழில் எழுதியதும் அன்பர்கள் நன்கறிந்தவை. 1908 மே மாதம் கைதானார். அலிப்பூர் சிறையின் தனிமை அறையில் கீதையும் உபநிஷதங்களும் துணையாயின. ஸ்தூல உடலை நீத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த சுவாமி விவேகானந்தரின் குரலை அங்கு இரண்டு வாரக் காலம் தியானத்தில் கேட்டதாகவும், சாதனையின் ஒரு குறிப்பிட்ட துறையில் சுவாமிஜி தமக்கு வழிகாட்டியதாகவும் அவர் பின்னர் தெரிவித்தார். எங்கும் வாசுதேவனையே கண்ட அனுபவமும் அச்சிறையில்தான் வாய்த்தது.

அதே சிறையில் மற்றொன்றும் தொடங்கியது. டிராய் நகரின் வீழ்ச்சியைப் பாடும் ஒரு காவியத்தை, ஹோமரின் யாப்பில், ஆங்கிலத்தில் இயற்றத் தொடங்கினார். அசைகளின் நெடில் குறில் அளவால் அமைந்த ஆறு சீர் அடி அது. ஆங்கிலத்தில் அது சரிவர நடக்காது என்பது பல புலவர்களின் முடிவு. கேம்பிரிட்ஜ் பரிசுகளும் ஐ.சி.எஸ். இடமும் என்றோ உதிர்ந்துவிட்டன. ஓசை மட்டும் உதிரவில்லை.

1909 மே 6 அன்று பீச்கிராஃப்ட் தீர்ப்பு வழங்கினார். சித்தரஞ்சன் தாஸ் வாதாடிய வழக்கில் அரவிந்தர் விடுதலையானார். தேர்வு அறையின் நினைவு நீதிபதியின் மனத்தை அசைத்தது என்று கற்பனை செய்யத் தேவையில்லை. சான்றுகள் போதவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை.

1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியை அடைந்தார். பழைய படிப்பு வேறு வடிவில் மலர்ந்தது இங்குதான். சுப்பிரமணிய பாரதியாரின் துணையுடன் தமிழ் பயின்றார். ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகராழ்வார் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தார். தமிழ்ச் சொற்களை ஆராய்ந்தபோது சமஸ்கிருதத்திற்கும் லத்தீனுக்கும், சில இடங்களில் கிரேக்கத்திற்கும், விடுபட்ட கண்ணிகளாக அவை தோன்றுவதைக் கண்டதாக வேத ரகசியம் பற்றிய தமது நூலில் எழுதினார். மொழியியல் அறிஞர்கள் இதனை ஏற்பதில்லை. அவரது ஆய்வும் நிறைவு பெறவில்லை. எனினும் வேதச் சொற்களின் உட்பொருளைத் தேட அவரைத் தூண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

ஆர்.டி. ரானடே ஹெராக்ளைட்டஸ் பற்றி எழுதிய கட்டுரையை முன்னிட்டு, 1916-17-இல் ஆர்யா இதழில் அந்தக் கிரேக்க ஞானியைப் பற்றித் தொடர் எழுதினார். அவர் கூறிய என்றும் எரியும் நெருப்பை வேதத்தின் அக்னியுடன் ஒப்பிட்டார். சக்தியையும் அறிவையும் கண்ட கிரேக்கர், உபநிஷதம் காட்டும் ஆனந்தத்தைக் காணவில்லை என்று முடித்தார். கல்லூரியில் கற்ற மொழியைக் கொண்டே கிரேக்க ஞானத்தின் எல்லையை அவர் அளந்து காட்டினார்.

நளினி காந்த குப்தர் முதலிய இளைஞர்கள் அவரிடம் கிரேக்கமும் லத்தீனும் கற்றனர். இலக்கணப் பாடநூல் எதுவும் இல்லை. கிரேக்கத்தின் முதற்பாடமே யூரிபிடீஸின் மீடியா நாடகம், லத்தீனுக்கு வர்ஜில். பரோடாவில் நளன் கதையைக் கொண்டு தாம் கற்ற முறையிலேயே கற்பித்தார். இந்த மாணவர்களுக்குத் தேர்வும் இல்லை, பதவியும் இல்லை.

சிறையில் தொடங்கிய காவியத்தைப் பல ஆண்டுகள் திருத்தி விரித்தார். இலியன் என்று பெயரிடப்பட்ட அதன் தொடக்கப் பகுதி, யாப்பு பற்றிய அவரது கட்டுரையுடன் 1942-இல் அச்சாயிற்று. 1950 டிசம்பர் 5 அன்று அவர் மகாசமாதி எய்தினார். 1957-இல் காவியம் முழுவதும் வெளிவந்தபோது எட்டுக் காண்டங்கள் நிறைவாகவும் ஒன்பதாவது பாதியிலும் இருந்தன. அந்தக் காண்டம் போர்க்களத்தின் நடுவே நின்றுவிடுகிறது; டிராய் இன்னும் வீழவில்லை.