மனிதர் என்று தீர்ப்புப் பெற்றவர்

தான் ஒரு மனிதன்தான் என்று ஒருவன் நீதிமன்றத்திலே நின்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரலாமா? வந்தது! விடுதலையின் விளைநிலம் என்று தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட அமெரிக்காவிலே, 1879ஆம் ஆண்டிலே வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஸ்டாண்டிங் பேர். நிற்கும் கரடி என்பது அப்பெயரின் பொருள். பான்கா எனும் சிறு பழங்குடியின் தலைவர்களிலே ஒருவர் அவர்.

நயோபிரரா ஆறு மிசௌரி ஆற்றோடு கலக்கும் இடத்திலே, இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்திலே, 1829 வாக்கிலே பிறந்தார். சோளம் விளைவித்து, காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த மக்கள் பான்காக்கள். வெள்ளையரை எதிர்த்து வாளெடுத்தவர்கள் அல்லர். 1858இலே அரசினரோடு ஒப்பந்தம் செய்து, தம் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர். எஞ்சிய பகுதி தமக்கே என்று உறுதிமொழி பெற்றனர். ஆனால் 1868இலே சூ எனும் வேறொரு பழங்குடியோடு அதே அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதிலே பான்காக்களின் நிலத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டது! தவறு செய்தவர் யார்? அரசினர். தண்டனை பெற்றவர் யார்? பான்காக்கள்!

1877இலே உத்தரவு பிறந்தது. ஊரைக் காலி செய்துவிட்டு, இன்று ஓக்லஹோமா எனப்படும் தெற்குப் பகுதிக்குப் போக வேண்டும். இடம் பார்க்கப் பத்துத் தலைவர்களை அழைத்துச் சென்றனர். வறண்ட அந்த மண் வேண்டாம் என்றனர் தலைவர்கள். ஊர் திரும்ப உதவி மறுக்கப்பட்டது. எட்டுப் பேர் கொட்டும் பனியிலே நடந்தே வந்து சேர்ந்தனர், ஸ்டாண்டிங் பேரும் அவர்களோடு. வந்த பிறகும் விட்டார்களா? பட்டாளம் வந்தது. துப்பாக்கி முனையிலே மக்கள் கிளப்பப்பட்டனர். வழியிலேயே தம் மகளைப் பறிகொடுத்தார் அவர். போய்ச் சேர்ந்த இடத்திலே காய்ச்சலும் பட்டினியும் காத்திருந்தன. சென்ற 581 பேரிலே 158 பேர் ஓராண்டுக்குள், அல்லது அதையொட்டி, மாண்டனர். பின்னாளிலே வழக்கின் தீர்ப்பிலேயே இடம்பெற்ற கணக்கு இது.

1878 முடியும் தறுவாயிலே அவருடைய மகனும் இறந்தான். பிறந்த மண்ணிலே, முன்னோர் உறங்கும் இடத்திலே தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவனுடைய கடைசி வேண்டுகோள். தந்தை வாக்களித்தார். 1879 சனவரி 2ஆம் நாள், மகனின் எலும்புகளை வண்டியிலே ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ முப்பது பேரோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். கடுங்குளிர், கையிலே காசில்லை, உணவில்லை. இரண்டு மாதத்துக்கும் மேலாக நடந்து, ஒமாஹா பழங்குடியினரின் ஊரை அடைந்தனர். உறவினர் சோறிட்டனர். அரசோ விலங்கிட வந்தது. அனுமதியின்றி இடம் பெயர்ந்தது குற்றமாம்!

கைது செய்தவர் தளபதி குரூக். ஆணையை நிறைவேற்றிய அவருக்கே அந்த ஆணை கசந்தது. ஒமாஹா நகரத்து நாளேட்டிலே துணையாசிரியராக இருந்த டிபிள்ஸ் செய்தியை நாடெங்கும் பரப்பினார். வெப்ஸ்டர், பாப்பிள்டன் எனும் வழக்கறிஞர் இருவர் கட்டணமின்றி முன்வந்தனர். ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று.

மே முதல் நாள் தொடங்கியது விசாரணை. அரசு வழக்கறிஞரின் வாதம் என்ன? செவ்விந்தியன் சட்டத்தின் கண்ணிலே ஓர் ஆள் அல்லன். ஆகவே மனுப் போடவே அவனுக்கு உரிமை இல்லை என்பதுதான்! முடிவிலே ஸ்டாண்டிங் பேர் எழுந்தார். கையை நீட்டினார். இதன் நிறம் வேறானாலும் குத்தினால் வலிக்கும், வடியும் குருதியின் நிறம் ஒன்றே என்ற கருத்திலே பேசினார். மன்றம் கண்கலங்கியது.

மே 12ஆம் நாள் நீதிபதி டண்டி தீர்ப்பளித்தார். அகராதியைப் புரட்டி, ஆள் என்ற சொல்லின் பொருளைப் பார்த்தார். பழங்குடியினனும் அதிலே அடங்குவான் என்றார். அவர்களைச் சிறைப்படுத்தவோ தெற்கே திருப்பி அனுப்பவோ அரசுக்கு அதிகாரமில்லை என்றார். விடுதலை! மகனின் எலும்புகள் நயோபிரரா மண்ணிலே அடக்கமாயின. தந்தையின் வாக்கு நிறைவேறியது.

வெற்றிதான். ஆனால் முழு வெற்றியா? கூட்டத்தைவிட்டு விலகி வந்தவர்கள் என்ற அடிப்படையிலேதான் அந்த முப்பது பேரும் விடுவிக்கப்பட்டனர். தனி ஆளைச் சட்டம் கண்டுகொண்டது. அவனுடைய இனத்தைக் கண்டுகொள்ளவில்லை. தெற்கிலே தங்கியிருந்த அவருடைய சகோதரர் பிக் ஸ்னேக், அந்தத் தீர்ப்பை நம்பி, அனுமதியின்றி வேறிடம் பெயர்ந்தார். பிடித்து வந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், மீண்டும் கைது செய்ய முயன்ற சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். ஏட்டிலே உரிமை, நேரிலே குண்டு!

ஸ்டாண்டிங் பேர் ஓய்ந்தாரில்லை. சூசெட் லாஃபிளெஷ் எனும் ஒமாஹா இனத்து மங்கை மொழிபெயர்க்க, பாஸ்டன், நியூயார்க் முதலிய நகரங்களிலே தம் மக்களின் துயரை எடுத்துரைத்தார். 1881இலே அமெரிக்க நாடாளுமன்றம் பான்காக்களுக்கு இழப்பீடு வழங்கியது. மீண்டு வந்த மண்ணிலேயே உழுது வாழ்ந்து, 1908இலே கண்மூடினார்.

ஆள் என்று ஒப்புக்கொண்டவர்கள் குடிமகன் என்று ஒப்புக்கொண்டார்களா? அதே ஒமாஹா நகரத்திலே ஜான் எல்க் எனும் பழங்குடியினர் வாக்குரிமை கேட்டார். அதே இரு வழக்கறிஞர்கள் வாதாடினர். 1884இலே உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை வந்தது 1924இலே. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் வாக்குச்சாவடிக் கதவு திறக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1962இலே நெப்ராஸ்கா பான்காக்களைத் தனிப் பழங்குடியாக ஏற்பதையே நிறுத்தச் சட்டம் செய்தனர். அவர்கள் போராடி, 1990இலே அந்த ஏற்பை மீட்டனர். 2019இலே வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலே ஸ்டாண்டிங் பேருக்குச் சிலை எழுந்தது.

சிலை வைத்தது நன்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: ஆள் என்ற ஒரு சொல்லைப் பெற, ஒரு தந்தை தம் மகனின் எலும்புகளைச் சுமந்து நடக்க வேண்டியிருந்தது. குடிமகன் என்ற அடுத்த சொல்லைப் பெற, மேலும் 45 ஆண்டுகள் ஆயின. உரிமை தானாக வருவதில்லை. ஒரு படி ஏறியவன் அடுத்த படிக்கும் போராடியே தீரவேண்டும். நயோபிரரா கரையிலே உறங்கும் அந்த முதியவரின் வாழ்வு உரைப்பது இதைத்தான்!