பத்மினி காருக்கு முன்னாடி டிசோட்டோ... இந்தியாவில் கார் ஆலை கண்ட வால்சந்த் ஹிராசந்த் யார்?

'பண்ணையாரும் பத்மினியும்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காரை மறந்திருக்காது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடியதும் அதே பிரீமியர் பத்மினிதான். 2023 அக்டோபரில் மும்பை டாக்சி ஸ்டாண்டுகளில் இருந்தும் அது விடைபெற்றது. இந்தக் காரைச் செய்த கம்பெனி எப்படி வந்தது தெரியுமா? அந்தக் கம்பெனி முதலில் செய்தது பத்மினியும் இல்லை, ஃபியட்டும் இல்லை. டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ என்ற அமெரிக்கக் கார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர் வால்சந்த் ஹிராசந்த்.

கப்பல், விமானம், கார் என மூன்றையும் இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று ஆங்கிலேயர் காலத்திலேயே முயன்றவர் இவர். இதில் கார் கனவுதான் ரொம்பத் தாமதமாக நிறைவேறியது. அதுவும் பாதிதான். ஏன்? பார்க்கலாம்.

யார் இந்த வால்சந்த்?

1882 நவம்பர் 23-ல் மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் பிறந்தவர். குஜராத்தி பேசும் ஜைனக் குடும்பம். வட்டித் தொழிலும் பருத்தி வியாபாரமும் குடும்பத் தொழில். மும்பையிலும் புனேயிலும் கல்லூரிக்குப் போனார், ஆனா படிப்பை முடிக்கவில்லை.

குடும்பத் தொழிலில் அவருக்கு மனசு ஒட்டவில்லை. லட்சுமணராவ் பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ரயில்வே கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தார். மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே போர் காட் மலையில் ரயில் சுரங்கப்பாதை, மும்பைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தான்சா குழாய்ப் பாதை என்று பெரிய வேலைகள் கைக்கு வந்தன. இன்றும் இருக்கும் ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி 1926-ல் அவர் தொடங்கியதுதான்.

வ.உ.சி. விட்ட இடத்தில் தொடங்கிய கப்பல்

தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அதை முடக்கியதும் நமக்குத் தெரிந்த கதை. அதே பிரிட்டிஷ் கம்பெனியோடு 13 வருஷம் கழித்து மோதியவர் வால்சந்த்.

முதல் உலகப் போரில் ஆஸ்பத்திரிக் கப்பலாக இருந்த 'லாயல்ட்டி', குவாலியர் மகாராஜா சிந்தியாவுக்குச் சொந்தமானது. அதை வால்சந்தும், நரோத்தம் மொரார்ஜி உள்ளிட்ட நண்பர்களும் விலைக்கு வாங்கினார்கள். சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பிறந்தது. 1919 ஏப்ரல் 5-ல் அந்தக் கப்பல் மும்பையில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. ஏப்ரல் 5-ம் தேதியைத் தேசியக் கடல்சார் தினமாக நாம் கொண்டாடுவது இதற்காகத்தான்.

பழைய ஆயுதத்தையே பிரிட்டிஷ் கம்பெனி மறுபடியும் எடுத்தது. கட்டணம் குறைந்தது, சிந்தியாவுக்கு நஷ்டம் ஏறியது. ஆனா கம்பெனி மூழ்கவில்லை. 1923-ல் ஓர் ஒப்பந்தம் வந்தது. வெளிநாட்டுப் பயணத்தை விட்டுவிட்டு, கடலோர சரக்குப் போக்குவரத்தோடு நிற்க வேண்டும் என்பது சாராம்சம். கசப்பான உடன்பாடுதான். ஆனா வ.உ.சி.க்குக் கிடைக்காத ஒன்று வால்சந்துக்குக் கிடைத்தது. பிழைத்திருக்க அவகாசம்.

கார் கனவு எப்படி வந்தது?

1930-களில் இந்தியாவில் கார் ஓடாமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே மும்பையில் ஆலை வைத்துவிட்டது. ஃபோர்டும் வந்துவிட்டது. ஆனா அங்கே நடந்தது வெளிநாட்டில் இருந்து வரும் பாகங்களைப் பூட்டும் வேலை மட்டும்தான்.

இந்தியர்களே கார் செய்யணும் என்று திட்டம் போட்டவர் மைசூரின் சர் எம். விஸ்வேஸ்வரய்யா. 1935-ல் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றி ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தவர் வால்சந்த். அமெரிக்கா போய் ஃபோர்டுடன் பேசினார், பலன் இல்லை. அடுத்து கிரைஸ்லரிடம் போனார். கிரைஸ்லர் கைகொடுத்தது.

ஆனா டெல்லியில் இருந்த ஆங்கிலேய அரசு கைகொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கார் ஆலை போருக்கு அவசியமான தொழில் இல்லை என்று அரசு ஒதுக்கிவிட்டது. பங்கெடுக்க முன்வந்த மைசூர் சமஸ்தானமும் பின்வாங்க வேண்டி வந்தது. ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் லாரி தேவைப்பட்ட காலத்தில்தான் இந்த மறுப்பு என்பதைக் கவனிக்கணும்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1940 டிசம்பரில் பெங்களூருவில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கினார். அதுதான் இன்றைய ஹெச்.ஏ.எல். 1942-ல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1941 ஜூனில் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்கே கட்டிய 'ஜல உஷா' கப்பலை 1948 மார்ச்சில் நேரு கடலில் இறக்கிவைத்தார். பிறகு அதுவும் அரசு வசம் போனது.

1944-ல் ஒருவழியாக பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பிறந்தது. மும்பை குர்லாவில் ஆலை. சுதந்திரம் கிடைத்த 1947-ல் முதல் கார் வெளியே வந்தது. அப்போது வால்சந்துக்கு வயது 64.

டிசோட்டோ என்றால் என்ன?

இங்கே கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வரணும். கிரைஸ்லர் கம்பெனியை 1925-ல் தொடங்கியவர் வால்ட்டர் கிரைஸ்லர். ரயில்வே பட்டறையில் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கியவர். அமெரிக்கக் கார் சந்தையில் அப்போது படிக்கட்டு மாதிரி ஒரு கணக்கு உண்டு. சம்பளம் ஏற ஏற மக்கள் ஒரு படி மேலே உள்ள காரை வாங்குவார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் கீழ்ப்படி செவர்லே, மேல்படி காடிலாக்.

அந்த மாதிரி ஒரு படிக்கட்டைக் கிரைஸ்லரும் கட்டினார். 1928-ல் கீழ்ப்படிக்கு பிளைமவுத் வந்தது. நடுப்படிக்கு டிசோட்டோ. அதே வருஷம் டாட்ஜ் கம்பெனியையும் விலைக்கு வாங்கினார். டிசோட்டோ என்பது மிசிசிப்பி ஆறு வரை போன ஸ்பானிய நாடுபிடிப்பாளர் ஒருவரின் பெயர்.

ஆரம்பம் அமோகம். முதல் 12 மாசத்தில் 81,000 கார்களுக்கு மேல் உற்பத்தி. புது பிராண்ட் ஒன்றின் அந்தச் சாதனை சுமார் 30 வருஷம் நின்றது. 1934-ல் காற்றைக் கிழித்துப் போகும் வடிவத்தில் 'ஏர்ஃப்ளோ' என்ற மாடல் வந்தது. காலத்தை மீறிய டிசைன், ஆனா மக்களுக்குப் பிடிக்கவில்லை. அடி வாங்கினாலும் டிசோட்டோ எழுந்து நின்றது. 1950-களில் பெரிய இறக்கைகளோடு பளபளவென்று வந்த மாடல்கள் நன்றாக விற்றன.

ஒரே கார், மூணு பேரு

குர்லாவில் பிரீமியர் பூட்டிய கார்களில் ஒரு ரகசியம் உண்டு. ஏற்றுமதிச் சந்தைக்காக கிரைஸ்லர் ஒரு வேலை செய்தது. பிளைமவுத் காரையே எடுத்து, முகப்பையும் பெயர்ப்பலகையையும் மாற்றி, டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட் என்று அனுப்பியது. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே கார்தான். லாரியிலும் இதே கதை. டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ மூன்றும் ஒரே லாரிக்கு மூன்று பெயர்.

அமெரிக்காவில் நடுப்படியாக இருந்த டிசோட்டோ, இங்கே ஜமீன்தாரும் மில் முதலாளியும் வாங்கும் பெரிய கார். நம் ஊர்ப் பக்கம் காரை 'பிளஷர்' என்று சொன்ன காலம் அது. அந்தச் சொல்லுக்குள் இருப்பது ஆங்கிலத்தின் 'உல்லாசம்'தான். கார் அன்றைக்கு எவ்வளவு எட்டாத பொருள் என்பதற்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

சிங்கம்புணரிக்கு இதில் என்ன இருக்கு?

சிங்கம்புணரியில் இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. தேங்காய் நாரில் திரிக்கும் கயிறுதான் ஊரின் அடையாளத் தொழில். அந்தக் கயிறு ஊரை விட்டு வெளியே போகணும்னா லாரிதான். மதுரைக்கோ காரைக்குடிக்கோ போகணும்னா பஸ்தான். ரயில் இல்லாத ஊர்களுக்கு லாரி, பஸ் சேசிஸ் உள்நாட்டிலேயே தயாராவது ஆடம்பர விஷயம் இல்லை. விளைந்ததும் திரித்ததும் சந்தைக்குப் போகுமா, போகாதா என்கிற விஷயம். வால்சந்த் கேட்ட ஆலையை 1940-ல் மறுத்ததன் விலையை இப்படிப்பட்ட ஊர்களும்தான் கொடுத்தன.

செட்டிநாட்டுக்கு இந்தத் தொழிலோடு நேரடித் தொடர்பும் உண்டு. லாம்பிரெட்டா ஸ்கூட்டர் தயாரித்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி, பின்னாளில் எம்.ஏ.சிதம்பரம் குழுமத்தின் கைக்கு வந்தது. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்த அதே எம்.ஏ.சிதம்பரம்தான்.

சரிவு தொடங்கியது எப்படி?

1949-ல் வால்சந்துக்குப் பக்கவாதம் வந்தது. 1950-ல் தொழிலில் இருந்து ஒதுங்கினார். 1953 ஏப்ரல் 8-ல் குஜராத்தின் சித்பூரில் காலமானார்.

அதே 1953-ல் இந்தியக் கார் தொழிலின் தலையெழுத்தும் மாறியது. இங்கே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம் என்று கட்டண ஆணையம் பரிந்துரைத்தது. வெறுமனே பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. பிரீமியர் தங்கியது. ஆனா பெரிய அமெரிக்கக் காரின் பாகங்களை எல்லாம் இங்கே செய்ய, அவ்வளவு கார் விற்க வேண்டுமே? அதற்கு வாங்கும் ஆள் இல்லை. பெட்ரோலும் நிறையக் குடிக்கும், அந்நியச் செலாவணியும் தட்டுப்பாடு. இத்தாலியின் சின்ன ஃபியட் 1100 கார் 1954-ல் வந்ததும் டிசோட்டோவுக்கும் பிளைமவுத்துக்கும் இடம் சுருங்கிவிட்டது.

அமெரிக்காவிலும் அதே நேரத்தில் டிசோட்டோ ஆட்டம் கண்டது. 1958-ல் பொருளாதார மந்தம் வந்ததும் நடுத்தர விலைக் கார்கள்தான் அதிகம் அடிபட்டன. கூடவே வீட்டுக்குள்ளேயே போட்டி. கீழே இருந்து டாட்ஜ் விலையேறி வந்தது, மேலே இருந்து கிரைஸ்லர் விலையிறங்கி வந்தது. நடுவில் டிசோட்டோவுக்கு நிற்க இடம் இல்லை. புது மாடலை அறிமுகப்படுத்திய சில வாரங்களிலேயே, 1960 நவம்பர் 30-ல், அந்த பிராண்டை மூடுவதாக அறிவிப்பு வந்தது. 32 வருஷத்தில் 20 லட்சத்துக்கும் மேல் கார்கள் செய்த பெயர் அது.

பிரீமியருக்கு என்ன ஆச்சு?

ஃபியட் கார், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் ஓடியது. லைசென்ஸ் காலத்தில் போட்டி கிடையாது. மக்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். அதனால் காரை மாற்ற வேண்டிய அவசியம் கம்பெனிக்கு வரவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. 1991-க்குப் பிறகு சந்தை முழுசாகத் திறந்ததும் பிரீமியரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2000-ம் ஆண்டு வாக்கில் பத்மினி உற்பத்தி நின்றது.

இரண்டு சரிவுகளுக்கும் காரணம் வேறு. டிசோட்டோ தன் கம்பெனிக்குள்ளேயே இருந்த போட்டியில் நசுங்கியது. பத்மினி போட்டியே இல்லாததால் தேங்கிப் போனது.

வால்சந்த் விட்டுச் சென்றது என்ன?

அவர் தொடங்கிய ஹெச்.ஏ.எல். இன்று போர் விமானம் செய்கிறது. விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் ஷிப்யார்ட் இயங்குகிறது. சாங்லியில் பொறியியல் கல்லூரி அவர் பெயரில் நடக்கிறது. சின்ன வயசில் பெட்டிக்கடையில் வாங்கித் தின்ன 'மேங்கோ மூட்', 'பான் பசந்த்' மிட்டாய்கள் ஞாபகம் இருக்கா? அவையும் இவரது ராவல்காவ் சர்க்கரை ஆலையின் வழியில் வந்தவைதான். 2024-ல் அந்த மிட்டாய் பிராண்டுகளை ரிலையன்ஸ் 27 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

விமானமும் கப்பலும் அரசின் கைக்குப் போய் நிலைத்தன. அவர் கையிலேயே தங்கிய கார் கம்பெனிதான் நிலைக்கவில்லை. முதலில் அமெரிக்கப் பெயர், அடுத்து இத்தாலியக் கார் என்று இரவல் டிசைனிலேயே அது காலத்தை ஓட்டியது. சொந்தமாக ஒரு காரை வடிவமைக்கும் திறமையை வளர்த்துக்கொள்ளவில்லை. முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் பயணிகள் கார் என்ற பெயரோடு டாடா இண்டிகா 1998-ல் வந்தது. விஸ்வேஸ்வரய்யாவும் வால்சந்தும் போட்ட திட்டத்துக்கு அப்போது 60 வயது ஆகியிருந்தது.