கருணை அல்ல, கடமை: அம்பேத்கரும் கல்விக் கட்டணமும்

உதவித்தொகை நின்றால் படிப்பும் நிற்கும் என்பதை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்விலேயே கண்டவர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் வழங்கியதால் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அதே சமஸ்தானத்தின் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1917இல் உதவிக்காலம் முடிந்தது. லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி, நண்பரிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டே 1920இல் மீண்டும் லண்டன் செல்ல முடிந்தது.

மன்னரின் நல்லெண்ணம் ஒருவரைக் கரையேற்றலாம்; ஒரு சமூகத்தைக் கரையேற்றாது. அவரது பொதுவாழ்வு இந்த உண்மையின் மீது எழுந்தது. பம்பாய் மாகாணச் சட்டசபையின் நியமன உறுப்பினராக, 1927 மார்ச்சில் கல்வி மானியம் குறித்துப் பேசினார். கலைக் கல்லூரிகளின் செலவில் ஏறத்தாழ 36 விழுக்காடும், உயர்நிலைப் பள்ளிகளின் செலவில் 31 விழுக்காடும் மாணவர் கட்டணத்திலிருந்தே பெறப்படுவதை எடுத்துக்காட்டி, இது கல்வியை வணிகமாக்கும் செயல் எனக் கண்டித்தார். ஒடுக்கப்பட்டோருக்கு உயர்கல்வி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கை.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானபோது, பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கச் செய்தார். 1946இல் அவரது மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது.

அவர் தலைமையிலான வரைவுக்குழு உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைத் தனி அக்கறையுடன் பேணுமாறு அரசைப் பணிக்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி. அதை மட்டும் கொண்டு நீதிமன்றத்தில் கட்டணக் குறைப்பைப் பெற இயலாது. கல்வி பெறும் உரிமையைக் கூறும் 41ஆம் பிரிவும் அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டதே. கட்டணத்துக்கான உச்சவரம்பு எதுவும் அரசமைப்பில் இல்லை.

எனினும் வேறொரு வரம்பு உண்டு. சட்டம் வெளிப்படையாக அதிகாரம் அளிக்காமல் எந்தப் பொது அமைப்பும் கட்டணம் விதிக்க முடியாது என்பது 1992இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கோட்பாடு. ஆகவே அரசுக் கல்லூரியில் கட்டண உயர்வுச் சுற்றறிக்கை வரும்போது மாணவர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே எழுப்ப வேண்டும். எந்தச் சட்டம், எந்த விதி இதற்கு அதிகாரம் தருகிறது? அந்த அதிகாரம் இருந்தாலும், கல்லூரிச் செலவில் எவ்வளவு பங்கை மாணவர் தலையில் ஏற்றுவது? முதல் கேள்விக்கு நீதிமன்றம் விடை தரும். அம்பேத்கர் 1927இல் எழுப்பிய இரண்டாம் கேள்விக்கோ சட்டமன்றமும் தெருவுமே விடை தர வேண்டும்.