பரீட்சையில் ஃபெயில்... இயற்பியலில் நோபல்! ஈயின் கண்ணைப் பார்த்து கேமரா யோசித்த லிப்மன்

போட்டோ எடுத்த பிறகு ஃபோகஸை மாத்த முடிஞ்சா எப்படி இருக்கும்? இந்த யோசனைக்கு வயசு நூறைத் தாண்டிடுச்சு. அதுக்கு விதை போட்டவர் கேப்ரியல் லிப்மன்.

1845-ல் லக்சம்பர்க்கில் பிறந்து, பாரிஸில் வளர்ந்தவர். பிடிச்ச பாடத்தை மட்டுமே விழுந்து விழுந்து படிப்பார். மத்ததைக் கண்டுக்க மாட்டார். விளைவு, ஆசிரியர் வேலைக்கான தேர்வில் ஃபெயில். ஆனா, மனுஷன் அசரலை. ஜெர்மனிக்குப் போய், மெல்லிய குழாயில் பாதரசத்தை வைத்து மிகச் சிறிய மின்னழுத்தத்தையும் அளக்கும் கருவியை உருவாக்கினார். மனித இதயத்தின் மின் துடிப்பு 1887-ல் முதன்முதலா பதிவானது அந்த வகைக் கருவியில்தான்.

பிறகு சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கதிரியக்கம் பற்றிய மேரி கியூரியின் முதல் கட்டுரையை 1898-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி முன்பு வைத்ததும் இவர்தான். சாயமே இல்லாமல் கலர் போட்டோ எடுத்ததற்காக 1908-ல் நோபல் பரிசு கிடைச்சது.

அதே வருஷம்தான் அந்த இன்னொரு ஐடியா. சாதாரண கேமரா, ஒரு புள்ளியில் எவ்வளவு ஒளி விழுதுன்னு மட்டும்தான் பதிவு செய்யும். எந்தத் திசையிலிருந்து வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. ஈயின் கண் மாதிரி, குட்டிக் குட்டி லென்ஸ்களை வரிசையா அடுக்கினா திசையும் பதிவாகும், முப்பரிமாணப் படமும் கிடைக்கும்னு லிப்மன் சொன்னார். ஆனா, அவ்வளவு நுண்ணிய லென்ஸ்களை நேர்த்தியா செய்ய அன்னிக்கு வழியில்லை. கணக்குப் போட கம்ப்யூட்டரும் இல்லை. 1921-ல், வட அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கப்பலிலேயே உயிர் பிரிஞ்சது. ஐடியா காகிதத்தைத் தாண்டிப் பெருசா வளரலை.

2006-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், மைக்ரோஸ்கோப்பில் பிம்பம் விழும் இடத்தில் நுண் லென்ஸ் தகடு ஒன்றைப் பொருத்தி, அதுக்குப் பின்னால் கேமராவை வெச்சாங்க. ஒரே ஒரு க்ளிக். மேலே, கீழேன்னு வெவ்வேறு ஆழத்துக்கு ஃபோகஸை கம்ப்யூட்டரே மாத்தித் தந்தது. இதுதான் லைட் ஃபீல்டு மைக்ரோஸ்கோப். படத்தின் நுணுக்கம் குறையும். அதுதான் இதுக்குக் கொடுக்கும் விலை. பதிலுக்கு வேகம் கிடைக்குது. உயிரோடிருக்கும் குட்டி மீனின் மூளையில் நரம்பு செல்கள் மின்னுவதை, அடுக்கடுக்கா ஸ்கேன் செய்யாமல், முப்பரிமாணத்தில் ஒரே நேரத்தில் பார்க்க முடியுது.

பரீட்சை அவரை ஃபெயில் ஆக்கியது. அவர் ஐடியா பாஸாகத்தான் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு!