பேரரைக் கைப்பிடித்துக் கொடுத்த பாட்டனார்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்களை இரண்டொரு வரிகளில் கடந்து விடுகிறோம். யானை ஆண்டு, ஜம்ஜம் கிணறு, பெயர் சூட்டியவர், அத்தோடு சரி. அந்தப் பெரியவரின் குடும்ப வாழ்க்கையைத் தனியாக எடுத்துப் பார்த்தால், சபர் வந்து கடை வைத்தவர்களின் வாரிசுகளான நமக்கு அதில் பாடம் நிறைய இருக்கிறது.

குறைஷிகள் வியாபாரக் குலத்தார். பயிர் விளையாத மக்காவில் வணிகப் பயணம்தான் பிழைப்பு. குளிர்காலத்தில் ஏமன், கோடையில் ஷாம். இந்தப் பயணங்களை ஒழுங்குபடுத்தியவர் ஹாஷிம். அவர் யத்ரிப் நகரில் பனூ நஜ்ஜார் குடும்பத்து சல்மாவை மணந்தார். பிறகு ஷாமுக்கு வியாபாரம் போனவர் திரும்பவில்லை. காஸாவில் இறந்து அங்கேயே அடக்கமானார். அவருடைய மகன் யத்ரிபில் தாயிடம் வளர்ந்தார். பெயர் ஷைபா.

சில ஆண்டுகள் கழித்து, ஹாஷிமின் உடன்பிறந்தவரான முத்தலிப், சிறுவனைத் தேடி யத்ரிபுக்கு வந்தார். தாயைச் சம்மதிக்க வைத்து, தம் ஒட்டகத்தில் பின்னால் உட்கார வைத்து மக்காவுக்கு அழைத்து வந்தார். பார்த்தவர்கள் அவர் விலைக்கு வாங்கி வந்த அடிமை என்று எண்ணி, முத்தலிபின் அடிமை எனும் பொருளில் அப்துல் முத்தலிப் என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. அந்த முத்தலிபும் பிற்காலத்தில் ஏமன் நாட்டுப் பயணத்தில் இறந்தார். ஹஜ்ஜுக்கு வருவோருக்குத் தண்ணீரும் உணவும் கொடுக்கும் பொறுப்பு அப்துல் முத்தலிபிடம் வந்து சேர்ந்தது.

தண்ணீர் கொடுக்கும் கடமைதான் அவரை ஜம்ஜம் கிணற்றிடம் கொண்டு போனது. தூர்ந்து மறைந்துபோயிருந்த அந்தக் கிணற்றின் இடம் கனவில் தெரிய, தோண்டத் தொடங்கினார். துணைக்கு இருந்தவர் ஒரே மகன் ஹாரிஸ் மட்டும். குறைஷிகள் உரிமை கேட்டுத் தகராறு செய்தபோது ஆள்பலம் இல்லாத குறை அவரை வாட்டியது. பத்து ஆண்மக்கள் பிறந்து வளர்ந்து தமக்குத் துணை நின்றால், ஒருவரைப் பலி கொடுப்பதாக நேர்ந்து கொண்டார்.

பத்து மக்களும் வளர்ந்தார்கள். சீட்டுப் போட்டபோது வந்த பெயர் அப்துல்லாஹ். அவர் மிகவும் நேசித்த மகன். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பெற்ற பாசம் ஒரு பக்கம். குறைஷிகளும் தாய்வழி உறவினரும் தடுத்தார்கள். முடிவில், மகனுக்கு ஈடாகப் பத்து ஒட்டகங்களை வைத்துச் சீட்டுப் போட்டார்கள். மகன் பெயரே வந்தது. பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போய், 100 ஆனபோதுதான் ஒட்டகங்களின் பக்கம் சீட்டு விழுந்தது. அப்போதும் அவர் மனம் ஆறவில்லை. திரும்பத் திரும்பப் போட்டு உறுதி செய்த பிறகே மகனைக் கையோடு அழைத்துப் போனார்.

அந்த மகனுக்கு ஆமினா அம்மையாரை மணமுடித்து வைத்தார். கொஞ்ச நாளில் அப்துல்லாஹ்வும் ஷாமுக்கு வியாபாரம் போனார். திரும்பும் வழியில் நோய்ப்பட்டு யத்ரிபில், தம் தந்தையின் தாய்வழி உறவினரான பனூ நஜ்ஜார் வீட்டில் தங்கினார். செய்தி கிடைத்ததும் மூத்த மகன் ஹாரிஸை விரைந்து அனுப்பினார் தகப்பனார். ஹாரிஸ் போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. விட்டுச் சென்ற சொத்து ஐந்து ஒட்டகங்கள், ஒரு சிறு ஆட்டு மந்தை, பரக்கா என்ற பணிப்பெண். மனைவியோ கர்ப்பிணி.

தம் தந்தை வியாபாரம் போன இடத்தில் இறந்தார். இப்போது தம் மகனும் அப்படியே. தாம் பட்டதைத் தம் பேரரும் படப் போகிறார் என்பது அந்தப் பெரியவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கி.பி. 570 வாக்கில், யானைப் படையோடு ஆப்ரஹா மக்காவை நெருங்கி வந்த ஆண்டில், பேரர் பிறந்தார். பாட்டனார் குழந்தையைக் கஅபாவுக்குள் தூக்கிச் சென்று, முஹம்மத் என்று பெயரிட்டார். குழந்தைக்கு ஆறு வயதானபோது ஆமினா அம்மையார் யத்ரிப் போய்த் திரும்பும் வழியில் அப்வா என்ற இடத்தில் காலமானார்கள். அந்தப் பரக்காதான், பின்னாளில் உம்மு அய்மன் என்று நாம் அறியும் அம்மையார்தான், தாயும் இல்லாத பிள்ளையைக் கூட்டி வந்து பாட்டனாரிடம் சேர்த்தார்கள்.

கஅபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென ஒரு விரிப்பு விரிப்பார்கள். மரியாதை கருதி மக்கள் அதைச் சுற்றித்தான் உட்காருவார்கள். அதன் மேல் ஏற மாட்டார்கள். சிறுவர் முஹம்மத் வந்து நேராக அதில் உட்கார்ந்து விடுவார்கள். பெரிய தந்தைமார் பிடித்து இழுத்தால் பாட்டனார் தடுத்து, பக்கத்தில் இருத்தி முதுகைத் தடவிக் கொடுப்பார். ஊர்த் தலைவரின் அந்த இடம், தகப்பன் இல்லாப் பிள்ளைக்கு உரிமையோடு உட்காரும் இடமாயிற்று.

இப்படி இரண்டு ஆண்டுகள்தான் கிடைத்தன. முதுமையில் தம் நாள் நெருங்கியதை உணர்ந்த பெரியவர், பேரரை யாரிடம் ஒப்படைப்பது என்பதைத் தாமே முடிவு செய்தார். மக்கள் பலர் இருக்க, அபூதாலிபைத் தேர்ந்தெடுத்தார். அபூதாலிப் செல்வந்தர் அல்லர், பிள்ளைகுட்டிக்காரர். ஆனால் அப்துல்லாஹ்வோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர். தந்தையின் உடன்பிறந்தவர் தேடி வந்து அழைத்துப் போனதால் ஆளான ஷைபா, தம் பேரரையும் தந்தையின் உடன்பிறந்தவர் கையிலேயே கொடுத்தார். எட்டு வயதுச் சிறுவர் அழுதுகொண்டே ஜனாஸாவின் பின்னால் நடந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தேர்வு தவறவில்லை. அபூதாலிப் அந்தப் பிள்ளையை ஷாம் வியாபாரத்துக்கு உடன் அழைத்துப் போனார். நபித்துவம் வந்த பின் ஊரே திரண்டு எதிர்த்தபோதும், மூன்று ஆண்டுகள் ஊர் விலக்கில் பசியோடு கிடந்தபோதும் கைவிடவில்லை. சுமார் 40 ஆண்டுகள், 619 வாக்கில் தாம் இறக்கும் வரை, தந்தையிடம் ஏற்ற பொறுப்பைச் சுமந்தார்.

ஹிஜ்ரி 8-இல், ஹுனைன் களத்தில் படை சிதறி ஓடியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அசையாது நின்று, தாம் அல்லாஹ்வின் தூதர் என்றும் அப்துல் முத்தலிபின் வழித்தோன்றல் என்றும் அறிவித்தார்கள். பாட்டனார் மறைந்து 50 ஆண்டுகள் கடந்த பின்பும் அந்தப் பெயர் அவர்கள் நாவில் இருந்தது.

நம் சங்கக் குடும்பங்களிலும் தகப்பனில்லாப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாட்டனார்கள் உண்டு; சாச்சாமார்கள் உண்டு. கடைக்கும் சரக்குக்கும் கணக்கெழுதி வைக்கும் நாம், நமக்குப் பின் பிள்ளை யார் கையில் என்பதையும் உயிரோடு இருக்கும்போதே பேசி முடிப்போம். பணமுள்ள கையைத் தேடுவதை விட, விடாமல் பிடிக்கும் கையைத் தேடுவோம். அத்தகைய உறவுகளை நம் ஒவ்வொரு வீட்டிலும் அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக, ஆமீன்.