குதிகாலில் ஊசி குத்திப் பார்த்த டாக்டர்... யார் இந்த பால் பிராண்ட்?

லண்டனில் ஒரு ராத்திரி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து, ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்து களைத்துப்போன டாக்டர் ஒருவர் காலுறையைக் கழற்றுகிறார். குதிகாலில் உணர்ச்சியே இல்லை! ஊசியால் குத்திப் பார்க்கிறார். வலிக்கவில்லை. தொழுநோய் தொற்றிவிட்டது என்றே முடிவுகட்டி, விடிய விடியத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீர்னு வலி! ரயிலில் ஒரே வாக்கில் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான்.

வலித்ததற்காகச் சந்தோஷப்பட்ட அந்த டாக்டர்தான் பால் பிராண்ட். ஆங்கிலேயர்தான், ஆனால் 1914-ல் பிறந்து சின்ன வயதில் வளர்ந்தது நம்ம கொல்லிமலையில். பெற்றோர் மிஷனரிகள். 9 வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்ற பால், பிறகுதான் டாக்டருக்குப் படித்தார்.

1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன இடத்தில், மடங்கிய விரல்களோடு இருந்த ஒருவரிடம் கையைப் பிடிக்கச் சொன்னார். உடும்புப்பிடி! கையில் நல்ல தசை இன்னும் மிச்சமிருக்கு என்று புரிந்தது. தொழுநோயாளிக்கு ஆபரேஷன் பண்ணினால் புண் ஆறாது என்று நம்பிய காலம் அது. தசைநாணை இடம் மாற்றித் தைத்து, விரல்களை நிமிர்த்திக் காட்டினார்.

ஆனால் புதுச் சிக்கல். கை சரியானவருக்குப் பிச்சையும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. கற்ற தச்சு வேலை கைகொடுத்தது. வேலூரில் அவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் மையம் தொடங்கினார்.

அவர் கண்டுபிடித்த பெரிய விஷயம் இதுதான்: விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுடுவதும், வெட்டுவதும், ராத்திரி எலி கடிப்பதும்கூடத் தெரிவதில்லை. காலிலும் அதே கதை. எலும்பு முறிந்தாலும் தெரியாமல் நடந்து நடந்து நொறுக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் மாவுக்கட்டும், மெத்தென்ற ரப்பர் செருப்பும்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் போனார். அங்கே சுகர் நோயாளிகளின் காலிலும் இதே பிரச்சனை இருப்பதைப் பார்த்து, வேலூர் பாடத்தை அவர்களுக்கும் பயன்படுத்தினார். 2003-ல் காலமானார்.

திருமுருகன்பூண்டியில் பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற சுகர்காரர் எம்சிஆர் செருப்பு போடுகிறார் என்றால், அதன் வேர் வேலூரில் இருக்கிறது. அவருக்கே குதிகால் எலும்பு முறிந்தால், பிளேட் வைப்பதற்கு முன் டாக்டர் காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் இருக்கா என்று பார்ப்பார். பிளேட் வைக்கும் பக்கவாட்டில் தோல் மெல்லியது. தையல் பிரிந்து சீழ் வைத்தால், வலிக்காத காலில் அது தெரியவே தெரியாது.